ஆயம்மா: ஒரு சொல்லில் இரண்டு தாய்

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் பனி விலகும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, ஆள் கூடிவிடும். லயத்திலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கு முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, தோளில் துணி சுற்றிய பிள்ளை. மலைக்குப் போகிற வழியில் பிள்ளைக்காம்பரா வாசலில் அவள் நிற்பது ஒரு நிமிடம்தான். உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீளும். “ஆயம்மாகிட்ட இரு சாமி, அம்மா மலைக்குப் போயிட்டு வந்துர்றேன்.” பிள்ளை கை மாறும்; அவள் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். திரும்பினால் அழும்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு அம்மா. ஒருத்தி போகிறாள், ஒருத்தி இருக்கிறாள். நடுவில் இருப்பதோ “சாமி”. தேயிலைத் தோட்டத்தில் அன்றாடம் சொல்லித் தேய்ந்த பேச்சு இது. ஆனால் ‘ஆயம்மா’ என்ற நான்கு எழுத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், சமயங்கள் காலங்காலமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுவருகிற ஒரு கேள்வி உள்ளே இருக்கிறது: பெற்றவள் தாயா, பார்த்துக்கொண்டவள் தாயா?

முதலில் சொல் வந்த வழி. ‘ஆயா’ போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. 1505இல் இலங்கைக் கரையைத் தொட்டவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்றும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன: ஜன்னல், அலமாரி, மேசை, சாவி. அந்த வரிசையில்தான் ‘ஆயா’வும் வருகிறது. போர்த்துக்கேய மொழியில் ‘ஆய்யா’ என்றால் உயர்குடிப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகிற பெண். அதற்கும் மூலம் இலத்தீன் மொழியின் ‘அவியா’. பொருள், பாட்டி. ‘காம்பரா’வும் அதே கப்பலில் வந்ததுதான். அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் அது. படம் பிடிக்கிற கேமராவும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஆக, பிள்ளைக்காம்பராவில் அறையும் லிஸ்பன் சரக்கு, அறையில் இருப்பவளின் பேரும் லிஸ்பன் சரக்கு. பிள்ளை மட்டும்தான் தமிழ்.

அந்தப் பிள்ளையும் லேசுப்பட்ட சொல் இல்லை. தொல்காப்பியம் இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ‘பிள்ளை’யைப் பறவைக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. பிறகு அது கிளிக்கும் அணிலுக்கும் தென்னங்கன்றுக்கும் போய், மனிதக் குழந்தைக்கு வந்து, மரியாதைப் பட்டமாகவும் ஆனது. தோட்டத்தில் அதன் இரண்டு முனைகளையும் ஒரே காலையில் பார்க்கலாம். வேலைக்குப் போகிறவள் விட்டுவிட்டுப் போவது கைப்பிள்ளை. மலையில் அவளிடம் வேலை வாங்குகிறவர் கணக்கப்பிள்ளை.

சில தோட்டங்களில் பிள்ளைக்காம்பராவைப் ‘பிள்ளை மடுவம்’ என்பார்கள். மடுவம் என்றால் கொட்டகை, சிங்களத்து ‘மடுவ’. கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம். இளந்தளிரை வைக்கவும் இளம்பிள்ளையை வைக்கவும் தோட்டம் ஒரே பேரைக் கொடுத்திருக்கிறது.

ஆயா வெளியூர்ச் சொல் என்று நம் ஊர்க் காது ஒருநாளும் நினைத்ததில்லை. காரணம், தமிழுக்குள் ஏற்கெனவே ஓர் ‘ஆய்’ இருந்தது. சங்க காலத்தில் என் தாய் ‘யாய்’, உன் தாய் ‘ஞாய்’, அவன் தாய் ‘தாய்’. எந்தை, நுந்தை, தந்தை என்பதைப் போல. மூன்றிலும் அடியில் கிடப்பது ‘ஆய்’. யாயும் ஞாயும் வழக்கொழிந்து, படர்க்கைக்குரிய ‘தாய்’ மட்டும் நமக்கு மிஞ்சியது. அதாவது இன்று நாம் ‘தாய்’ என்று சொல்வது, கறாராகப் பார்த்தால், இன்னொருவருடைய அம்மாவை. பழந்தமிழில் யாருக்கும் சொந்தமில்லாத தாய் கிடையாது. என்னுடையவள், உன்னுடையவள், அவனுடையவள் என்று ஒரு பிள்ளையைச் சுட்டாமல் அந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. தாய்மை ஓர் உறவுநிலை என்று தத்துவம் பேசுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இலக்கணம் ஒற்றை எழுத்தில் முடித்துவிட்டது.

அந்த ‘ஆய்’தான் மாரியாயி, மகமாயி என்று கோயிலுக்குள் போயிற்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த தெய்வம் அவள். தோட்டத்துக்குத் தோட்டம் அவளுக்கு ஒரு கோயில் உண்டு. ஆகவே ‘ஆயா’ என்று எவனோ ஒரு துரை கூப்பிட்டபோது, கேட்டவர்களுக்கு அது ‘ஆயி’ என்றே கேட்டிருக்கும்.

இன்னும் ஒன்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் செட்டிநாட்டிலும் ‘ஆயா’ என்றால் பாட்டி. இலத்தீன் ‘அவியா’வும் பாட்டி. இரண்டுக்கும் இரத்த உறவு ஏதும் இல்லை, தற்செயல். உலகமெங்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றுபோலச் சொற்கள் இருப்பது ஏன் என்று ரோமன் யாகோப்சன் ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். பால் குடிக்கிற வாய் எளிதாக எழுப்புகிற ஒலிகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு தங்களுக்கே பேராக வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆனால் பொருள் ஒத்துப்போவதற்கு வாயைக் காரணம் சொல்ல முடியாது. கண்டிச் சீமைச் சிங்களத்தில் பாட்டியைக் ‘கிரி அம்மா’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பால் அம்மா’. பிள்ளைகளுக்கு அம்மை போன்ற நோய் கண்டால் ஏழு கிரி அம்மாக்களை அழைத்து அன்னம் படைக்கிற சடங்கு உண்டு. பத்தினித் தெய்வத்தோடு சேர்ந்த சடங்கு. பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகி. பெற்றவளுக்கு வேறு வேலை இருக்கிறது, கிழவிக்கு மடி இருக்கிறது: ஒன்றையொன்று கேட்டுச் சொல்லாத மூன்று மொழிகள் இந்தக் கணக்கில் ஒத்துப்போகின்றன. அந்தக் காலத்துத் தோட்டங்களிலும் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்திருந்தது, மலை ஏறத் தெம்பில்லாத கிழவிதான்.

இனி அந்தப் பழைய கேள்வி. தமிழ்ச் சமயம் இதற்கு நேர்ப் பதில் சொல்வதில்லை, கதை சொல்கிறது.

சிங்களத்தில் ‘கந்த’ என்றால் மலை. ஆனால் கந்தப்பளை என்ற பேரில் தமிழ்க் காதுக்குக் கேட்பது கந்தன்தான். அந்தக் கந்தன் கதையைப் பாருங்கள். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் அறுவர் எடுத்துப் பாலூட்டுகிறார்கள். பிறகு உமை வருகிறாள், ஆறு பேரையும் சேர்த்து அணைக்கிறாள், ஆறும் ஓருருவாகிறது. அப்படிச் சேர்ந்ததால் கந்தன் என்று பேர் என்கிறது கந்தபுராணம். பாலூட்டியவர்களால் அவனுக்கு இன்னொரு பேரும் உண்டு: கார்த்திகேயன். தாயின் அணைப்பால் ஒரு பேர், செவிலியின் பாலால் ஒரு பேர். புராணம் ஒன்றை வைத்து ஒன்றை அழிக்கவில்லை. கார்த்திகை நாளில் முருகனுக்கு விரதம் இருக்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஆறு ஆயம்மாக்களின் நாளைத்தான் கொண்டாடுகிறார்கள்.

திருச்சி மலைக்கோட்டைக் கதை இன்னும் நெருக்கமானது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வருவாள் என்று காத்திருக்கிறாள் இரத்தினாவதி. காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவன் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலுக்கு வரும்போது வீட்டுக்குள் இன்னொரு தாய் இருக்கிறாள். அன்றிலிருந்து அவர் தாயுமானவர். அந்தப் பேரின் நடுவில் இருக்கிற ‘உம்’மைக் கவனிக்க வேண்டும். ‘தாயானவர்’ என்று தமிழர் பேர் வைக்கவில்லை. ஈசன் என்ற நிலை அப்படியே இருக்க, தாயும் ஆனார். தாய்மை பிறப்பால் மட்டும் வருவதில்லை, தேவைப்படுகிற நேரத்தில் ஏற்றுக்கொள்கிற வேலையும்தான் என்பதை அந்த ஓர் எழுத்து ஒத்துக்கொள்கிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை மலையில் ஆயம்மா வைத்திருந்தபோதும் நடந்தது இதுவே. அங்கே தாயைத் தடுத்தது காவிரி. இங்கே தடுப்பது பேர்.

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு செங்குத்து மலையில் கொழுந்து எடுத்தால் பேர் விழாது.

இந்த இடத்தில்தான் கதைக்கும் காம்பராவுக்கும் வித்தியாசம் வருகிறது. கடவுள் தாய்க்குப் பதிலாக நின்றால் அருள். தோட்டம் ஒருத்தியைத் தாய்க்குப் பதிலாக நிறுத்தினால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைச் சட்டத்திலேயே படிக்கலாம். 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கொடுக்கின்றன. வேலையிடத்தில் பிள்ளைக்காப்பகம் இருந்தால் ஒவ்வொரு முறையும் 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். காம்பரா இருந்தால் தாயின் நேரம் பாதியாகும். பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, நடக்கிற தூரம் குறைவு என்பது அதன் நியாயம், நியாயம்தான். ஆனாலும் ஆயம்மா என்ற ஏற்பாடு தாயின் நாளிலிருந்து ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து மலைக்குக் கொடுக்கிறது என்பதும் அதே வரியில் எழுதியிருக்கிறது.

பெற்றவளுக்கு இதில் என்ன போகிறது? அதை ஆழ்வார்கள் பாடி வைத்திருக்கிறார்கள். பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைத் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், காது குத்துகிறார், பூச்சூட அழைக்கிறார். வளர்த்தவளின் மகிழ்ச்சி அத்தனையும் அங்கே உண்டு. குலசேகர ஆழ்வார் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கத் தேவகியின் புலம்பல்: பெற்றும், தாலாட்டக் கிடைக்கவில்லை, தவழ்ந்ததைக் காணவில்லை, வெண்ணெய் அளைந்த கையைப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து யாரும் தாய் என்ற பேரைப் பறிக்கவில்லை. பறிபோனது பகல்கள். பிள்ளை முதல் அடி வைத்தது பதினொரு மணிக்கு என்றால், கொழுந்து எடுக்கிறவள் அதைச் சாயங்காலம் ஆயம்மா சொல்லித்தான் கேட்கிறாள். வைணவம் யசோதையை உயர்த்தித் தேவகியைத் தாழ்த்தவும் இல்லை, தேவகியின் அழுகையை யசோதையின் சிரிப்பால் மூடவும் இல்லை. இரண்டு ஆழ்வார், இரண்டு குரல், இரண்டும் ஒரே திவ்வியப் பிரபந்தத்துக்குள்.

இதே மலைநாட்டில் இருக்கிற மற்றச் சமயங்களும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் வந்திருக்கின்றன. சித்தார்த்தன் பிறந்த ஏழாம் நாள் மாயாதேவி இறந்தாள். வளர்த்தவள் சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி. பின்னாளில் பெண்களைச் சங்கத்தில் சேர்க்கப் புத்தர் தயங்கியபோது, ஆனந்தர் வைத்த வாதங்களில் ஒன்று இந்தப் பால்: தாய் போனபின் உங்களுக்குப் பாலூட்டியவள் அல்லவா? முதல் பிக்குணியாக அவள் உள்ளே வந்தாள். இஸ்லாத்தில் பால் சட்டமாகவே ஆகிவிட்டது. பாலூட்டியவள் தாய், அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள், அவர்களுக்குள் மணவுறவு கூடாது என்று குர்ஆன் வகுத்துச் சொல்கிறது. நபிகளுக்குப் பாலூட்டிய ஹலீமாவின் பேர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

பழந்தமிழ் மரபு இதை இன்னும் அக்கறையோடு பார்த்தது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கில் போய்விட்டால் நற்றாயும் புலம்புவாள், செவிலியும் புலம்புவாள். தேடிக்கொண்டு பாலை வழியில் நடந்து போகிறவள் செவிலி. தோழி யார் என்றால் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். ஆயம்மாவின் சொந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு இலக்கணம் கேட்டு, பதிலும் வைத்திருந்தது.

சொல்லுக்குள் மரியாதை எப்படி ஏறி இறங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. செவிலி தமிழ்நாட்டில் மருத்துவமனைச் செவிலியர் ஆனாள். இலங்கையில் அதே வேலைக்குத் தாதி என்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் வளர்ப்புத் தாய், பணிப்பெண் என்று இரண்டு பொருளில் நின்ற சொல். இரண்டுக்கும் படிப்பு, சீருடை, பதவி வந்துவிட்டன. ஆயா எதிர்த்திசையில் போயிற்று. போர்த்துக்கேயப் பிரபு வீட்டில் பிள்ளைகளுக்கு நடை உடை பழக்கியவள், வெள்ளைக்காரர் பங்களாவில் வேலைக்காரி ஆனாள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் துரை குடும்பங்களோடு கப்பலேறிப் போன ஆயாக்களில் சிலரை, லண்டன் போய்ச் சேர்ந்ததும் கைவிட்டார்கள். திரும்ப வழியில்லாமல் நின்றவர்களுக்காகவே அங்கே ஹாக்னி பகுதியில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. 2022இல் அந்தக் கட்டடத்துக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

அப்படித் தேய்ந்து வந்த சொல்லின் வாலில் நம்மவர்கள் ‘அம்மா’வைக் கட்டினார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்த காரியம் இல்லை. தன் பிள்ளையை வைத்திருக்கிறவளை வேலைக்காரிப் பேரால் கூப்பிட ஒரு தாய்க்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆயா தோட்டம் கொடுத்த உத்தியோகம். அம்மா லயம் கொடுத்தது. ‘ஆய்’க்கே தாய் என்று பொருள் உண்டு என்பதால் சொல் இப்போது தாய்க்குத் தாய் ஆகிவிட்டது. அகராதி பார்க்கிறவர் இதைக் கூறியது கூறல் என்பார். வாசலில் பிள்ளையைக் கொடுக்கிறவளுக்கு ஒரு அம்மா போதாது.

இப்போது பேர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் நட்சத்திர ஹோட்டலாயிற்று. 1992இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போனபின், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின. கிழவி இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண் இருக்கிறாள். அவளுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவி. சுவரில் நிறை பார்க்கிற அட்டை, தரையில் விளையாட்டுச் சாமான். இவை வேண்டியவை, பிந்தி வந்தவை. ‘சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்’ என்று இரண்டு வயதுப் பிள்ளை சொல்லாது என்பது மட்டும்தான் பிரச்சினை.

இதற்கிடையில் ஆயா வேலையே ஊரைவிட்டு வெளியே போய்விட்டது. கொழுந்து எடுக்கப் போகாத தலைமுறை கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. நுவரெலியா மாவட்டத்து லயங்களிலிருந்து போன பெண்கள் பலருக்கு அங்கே வேலை, இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பது. அரபு வீடுகளில் அதற்கு ‘முரப்பியா’ என்பார்கள். வளர்ப்பவள் என்று பொருள். யசோதையின் வேலைக்குப் போனவள் தன் வீட்டுக்குத் தேவகி ஆகிறாள். அவள் விட்டுப்போன பிள்ளை யாரிடம்? ‘அவியா’விடம். பன்னிரண்டு அடிக்குப் பத்தடிக் காம்பராவில், மலைக்குப் போவதை நிறுத்திவிட்ட பாட்டியிடம்.

அந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை போன் வரும். அங்கே அன்று விடுமுறை. பாட்டி போனைத் தூரப் பிடித்து, சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பார்த்து, “இந்தா பாரு, அம்மா பேசுது” என்கிறாள். பிள்ளை திரையைப் பார்க்கிறது. சிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாட்டியின் மாராப்புக்குள் முகத்தைப் புதைக்கிறது. திரையில் இருப்பவள், பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை கூப்பிட, “வாறேன்” என்று திரும்புகிறாள்.